எஸ்தருக்கு இல்லாத தங்கை

“எஸ்தர் என்று ஒரு மகள் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்,” என்றார் பிரதர். ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. “உன் தங்கை, உன் கூடப்பிறந்தவள், நெஞ்சு நோயிலே வாடுகிறாள். அழாதே மகளே. இந்த நேரத்தில் கர்த்தர் அந்த நெஞ்சைத் தொடுகிறார். இனி அவளுக்கு ஊசி இல்லை, மாத்திரை இல்லை.”

பிற்பகல் மூன்று மணி வெயில். ஜின்னிங் ஃபாக்டரியை ஒட்டிய காலி மைதானத்தில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆலையிலிருந்து பறந்து வந்த பஞ்சு எல்லார் தலையிலும் ஒட்டியிருந்தது. எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த எஸ்தர் அக்கா இரண்டு கைகளையும் தூக்கினாள். கண்ணீர் கழுத்து வரை இறங்கியது. பந்தல் முழுக்க அல்லேலூயா.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எஸ்தர் அக்காவுக்குத் தங்கையே கிடையாது. சோமனூர்ப் பக்கம் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து வளர்ந்தவள். அந்தத் தங்கையை மூன்று நாள் முன்னால், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பென்சிலால் பெற்றவள் நான்.

போன வாரப் பகுதியைப் படித்த வாசகர் ஒருவர், வயதான காலத்திலாவது நாக்கில் கொஞ்சம் தேன் தடவிக்கொள்ளக் கூடாதா அம்மா என்று எழுதிக் கேட்டிருக்கிறார். தடவிக்கொள்ளலாம். ஆனால் இந்த வாரம் தேனாகப் பேசிய ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து கூட்டம் நடத்திய ஊழியக்காரர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எல்லாரும் பிரதர் என்றார்கள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

முன்பக்கம் 85, பின்பக்கம் மாமியார்

அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனுக்குள் கையை விட்டு விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ இருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான். என் நாக்கைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மேசையில் எஸ்தர் அக்கா பனியன்களை மடித்து அடுக்குவாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே சபை. அவள் கணவர் மங்கலத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தார். வாரம் ஒருமுறை வருவார். இரண்டு பெண் குழந்தைகள், சின்னவளுக்கு இன்னும் பால்பல் விழவில்லை.

எட்டாவது வரை படித்திருந்ததால் அந்தக் கூடத்துப் பெண்களில் சரளமாக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுப்புதல் கூட்டம் என்று நோட்டீஸ் வந்தால் போதும், ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதித் தரச் சொல்லி எங்கள் சபைப் பெண்கள் வரிசை கட்டுவார்கள். தாளுக்குப் பஞ்சமில்லை. பனியன் டப்பாவில் வைக்கிற அளவுச் சீட்டில் அச்சுப் பிசகியவை மூட்டையாகக் கிடந்தன. முன்பக்கம் 85 சென்டிமீட்டர் என்றிருக்கும். பின்பக்கம் மாமியார் தொல்லை என்று எழுதுவேன்.

எஸ்தர் அக்காவுக்கு டி.பி. இருந்தது. அது அவள் கணவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வாரம் இரண்டு காலை, கம்பெனிக்கு வரும் முன் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி. தினமும் கை நிறைய மாத்திரை. ஒன்றரை வருஷம் விடாமல் எடுக்க வேண்டும், பாதியில் விட்டால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழு மாதம் ஆகியிருந்தது. இருமல் குறைந்து கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

விஷயம் கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றே நிறுத்திவிடுவார்கள். சபைக்குத் தெரிந்தால் நிறுத்த மாட்டார்கள், தள்ளி உட்காருவார்கள்.

“என்ற பேரப் போட்டு எழுதீரு அம்மிணி,” என்றாள் அக்கா. “பேரில்லாம எழுதுனா யாருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியோணுமல்ல.”

எழுதிய சீட்டுகளைப் போடும் பெட்டி சபைக் கமிட்டிக்காரர்கள் கையில் ஏறி இறங்கும். அவர்களில் இரண்டு பேரின் மனைவிமார் எங்கள் கூடத்தில்தான் வேலை பார்த்தார்கள். அதனால் நான் இப்படி எழுதினேன்: எஸ்தர், தங்கைக்கு நெஞ்சு நோய், சுகம் வேண்டும். யாருக்கு நோய் என்பது ஆண்டவருக்குத் தெரியும், கமிட்டிக்குத் தெரிய வேண்டாம் என்பது என் கெட்டிக்காரத்தனம். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஆவியானவருக்குத் தப்பான தகவல்

கூட்டம் முடிந்து நடந்து வரும்போது அக்கா என் கையை விடவே இல்லை.

“பாத்தியா அம்மிணி? அத்தன சனத்துக்கு முன்னால எனக்குன்னு சொல்லியிருந்தாருன்னா நாளைக்கே என்ற டம்ளரத் தனியா வெச்சிருப்பாங்க. சீக்கு ஆருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் தங்கச்சின்னு சொல்ல வெச்சு என்ற மானத்த மறைச்சுட்டாரு. பெத்த தாயிகூட அப்புடிப் பாத்துச் செய்ய மாட்டா.”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது “ஆமாங்க்கா” மட்டும்.

என் மூளை அப்போது வேலை செய்த அழகைச் சொல்கிறேன், நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள். பிரதர் மேல் எனக்குத் துளி சந்தேகமும் வரவில்லை. சந்தேகம் என் மேல்தான் வந்தது. தப்பான சீட்டு எழுதிப் பரிசுத்த ஆவியைக் குழப்பிவிட்டேன் என்று நினைத்தேன். சுகம் மேலேயிருந்து சரியாகத்தான் புறப்பட்டிருக்கும்; என் சீட்டில் உள்ளபடி தங்கையைத் தேடிப் போய், அப்படி ஒருத்தி எங்கும் இல்லாததால் வந்த வழியே திரும்பியிருக்கும். அக்காவுக்குச் சேர வேண்டியதை என் பென்சில் தடுத்துவிட்டது.

இருபத்து மூன்று வயதில் இதை நான் முழுசாக நம்பினேன். செவ்வாய்க்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருந்து, கடவுளுக்குத் தவறான தகவல் கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டேன்.

அதே செவ்வாய்க்கிழமைதான் அக்கா முதல்முறையாக ஊசிக்குப் போகவில்லை.

அப்பாவின் தைலம்

காலமும் குழப்பமான காலம். எதை நம்புவது, யாரை நம்புவது என்று ஒருவருக்கும் தெரியாது. சுவரில் ஒரு போஸ்டரின் பசை காய்வதற்குள் அதைப் பொய் என்று சொல்லும் இன்னொரு போஸ்டர் மேலே ஏறும். பள்ளிக்கூடத்தில் அம்மை ஊசி போட ஆள் வந்தால், பிள்ளை பிறக்காமல் செய்யும் ஊசி அது என்று தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உலகம் எந்த மாதம் முடியும் என்ற நோட்டீஸ் ரயிலடியில் இலவசமாகக் கிடைத்தது. அடுத்த வருஷக் காலண்டருக்கு இப்போதே ஆர்டர் கொடுக்கலாம் என்று அச்சகத்தார் அதே நோட்டீஸின் அடியில் போட்டிருந்தார்கள். அதைக் கவனித்துச் சிரித்த ஒரு ஆளை நான் பார்க்கவில்லை.

என் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். அச்சில் வந்த எதையும் நம்புவார். பத்திரிகை விளம்பரம் பார்த்து, முடி வளர்க்கும் தைலம் ஒன்றைத் தபாலில் வரவழைத்து மூன்று வருஷம் தடவினார். இருந்த முடியும் போயிற்று. விளம்பரம் பொய்தானே அப்பா என்று கேட்டேன். தைலத்தில் குற்றமில்லை, என் தலை வாகுதான் சரியில்லை என்றார்.

நான் அவர் மகள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

மருந்துக் குவியல்

கூட்டம் மொத்தம் மூன்று ஞாயிறு. இரண்டாம் ஞாயிறு மேடைக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்திருந்தார்கள். சுகம் பெற்றவர்கள் தங்கள் மருந்தைக் கொண்டு வந்து அதில் போட வேண்டும் என்று பிரதர் சொன்னார். டானிக் பாட்டில்கள், களிம்பு டப்பாக்கள், ஒரு மூக்குக் கண்ணாடி எல்லாம் வந்து விழுந்தன. கண்ணாடியைக் கழற்றிப் போட்டவர் திரும்பி வரும்போது பந்தல் காலில் முட்டிக்கொண்டார். அதற்கும் அல்லேலூயா.

சபைக் கமிட்டியின் செயலாளர் வேட்டிக்குப் பக்கத்தில் குடையோடு நின்று எல்லாவற்றையும் மேற்பார்த்தார். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு மருந்தை நிறுத்தலாமா என்று ஒரு அம்மாள் தயங்கிக் கேட்டபோது, விசுவாசத்துக்கு டாக்டர் சர்டிபிகேட்டா கேட்கிறீர்கள் என்று சிரித்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை பாட்டிலைக் குவியலில் நான் நன்றாகவே தேடிப் பார்த்தேன். இல்லை.

எஸ்தர் அக்கா எழுந்து போனாள். இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்தாள். “தங்கச்சியோடதுங்க,” என்று சொல்லிவிட்டுக் குனிந்து வைத்தாள். வைத்துவிட்டு நிமிரும்போது இருமினாள். சில மாதமாகக் கேட்காமல் இருந்த அந்தப் பழைய இருமல். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

மூன்று தையல், ஒரு முடிச்சு

மறுநாள் வெளுப்புப் பட்டறையிலிருந்து துணி வந்தது.

நொய்யல் கரையில் இருந்த பட்டறைகளுக்கு எல்லாக் கம்பெனித் துணியும் போகும். போகும்போது பழுப்பு, வரும்போது வெள்ளை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எது யாருடையது என்று சண்டை வரக் கூடாது என்பதற்காக, அனுப்பும் முன் துணியின் முனையில் சாயம் போகாத சிவப்பு நூலால் ஒரு அடையாளம் தைத்துவிடுவோம். எங்கள் கம்பெனிக்கு மூன்று தையல், ஒரு முடிச்சு. அதைத் தைப்பதும், துணி திரும்பி வந்ததும் தேடிப் பார்ப்பதும் என் வேலை.

துணியைப் பிரிக்க என்னோடு நின்றவள் பழனியம்மாள். என் வயதுக்காரி. தைப்பூசத்துக்குத் தவறாமல் பழனிக்கு நடந்து போகிறவள். பந்தலில் என்ன நடக்கிறது என்று விசாரித்தாள். நாங்கள் சீட்டில் எழுதிப் போடும் குறையை எல்லாம் பிரதர் அப்படியே புட்டுப்புட்டு வைக்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன்.

“எங்கூர்ல குறி சொல்றவரு ஒருத்தரு இருக்காருங்க,” என்றாள் பழனியம்மாள். “அவருங்கூட மொதல்ல டீக்கடையில உக்காந்து ஊர்க்கதையக் கேட்டுக்கிட்டுத்தான் சொல்லுவாரு. உங்காளுக்கு அந்தச் செரமமே இல்லீங்க. நீங்களே எழுதிக் குடுத்தர்றீங்க.”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கையில் துணியின் முனை இருந்தது. மூன்று தையல், ஒரு முடிச்சு. வாயை மூடிக்கொண்டேன்.

நான் தைத்து அனுப்பிய நூல்தான் என்னிடம் திரும்பி வந்திருந்தது. தங்கையும் நான் தைத்து அனுப்பியவள்தான். உலகத்தில் வேறெங்கும் அவள் கிடையாது. பிரதர் வாயிலிருந்து அவள் வந்தாள் என்றால், வந்திருக்கக் கூடிய வழி ஒன்றே ஒன்றுதான்.

பெட்டி ஒன்றும் ஒளித்து மறைத்துப் போகவில்லை. ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும், பிரதர் ஜெபிப்பதற்காக என்று சொல்லி, செயலாளரே அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எல்லார் கண் முன்னாலும் அவர் அறைக்குக் கொண்டு போவார். கதவு சாத்தியிருக்கும். மூன்று மணிக்கு மேடை. நாங்கள் இருநூறு பேரும் அந்தப் பெட்டி போவதைப் பயபக்தியோடு பார்த்துவிட்டு, பிற்பகலில் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். ஏமாற்றியவரைவிட எங்கள் மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அவருக்கு மெனக்கெட்டு ஒரு பொய்கூடச் சொல்லத் தேவைப்படவில்லை. எங்கள் பொய்யையே எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

கடுகளவு

அன்று மதியம் குழாயடியில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டில் தங்கை என்று எழுதியது நான், அதை அவர் படித்தார், அவ்வளவுதான் என்றேன்.

அக்கா முகம் கறுத்துப் போயிற்று.

“நீ எழுதுன, செரி. உன்ன அப்புடி எழுத வெச்சது ஆரு? அதுவும் அவருதான். ஒருத்தி நல்லாயிட்டாப் பொறுக்காதா உனக்கு?”

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நம்புவது என்று தீர்மானித்துவிட்டவர்களுக்கு எல்லாமே சாட்சிதான்.

வியாழக்கிழமை அவள் மடித்துக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. முந்தானையை எடுப்பதற்குள் வந்துவிட்டது. மேலே இருந்த வெள்ளைப் பனியனில் கடுகளவு சிவப்பு. அக்கா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டி அந்தப் பனியனை எடுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் என்ன என்று கேட்டார். எண்ணெய்க் கறை, ஒதுக்கிவிட்டேன் என்றேன்.

மதியம் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அக்காவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை.

“நான் செத்துப் போயிட்டா புள்ளைகள ஆரு பாப்பா அம்மிணி?”

அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னேன். இன்னொரு சீட்டு எழுதுவோம். இந்தத் தடவை உலகத்திலேயே இல்லாத ஆளை அக்காவே உண்டாக்கட்டும். அந்த ஆளையும் பிரதர் மேடையில் கூப்பிட்டால் செவ்வாய்க்கிழமை ஊசிக்குப் போக வேண்டும். கூப்பிடாவிட்டால், நான் பொய்க்காரி என்று சபை நடுவில் எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன்.

“ஆண்டவரச் சோதிக்கறது பாவம் அம்மிணி.”

“ஆண்டவர ஆருங்க்கா சோதிக்கறாங்க? பிரதரத்தான. ரெண்டும் ஒண்ணுன்னு அவரு வேணா நெனச்சுக்கட்டும். நாம ஏன் நெனைக்கோணும்?”

ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை ஆராய்ந்து பார் என்று வேதத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று ஞாயிறும் மேடையில் யாரும் திறக்கவில்லை.

அக்கா தூக்குப்போசியை மூடி ஓரமாக வைத்தாள். பிறகு மெதுவாக ஒரு அண்ணனை உண்டாக்க ஆரம்பித்தாள். பெயர் தாவீது. ஊர் சேவூர். கடலைக் காட்டுக் கிணற்றில் தவறி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறான். சொல்லச் சொல்ல அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது. அண்ணனுக்கு மீசை வைத்தாள். இரண்டு காளை கொடுத்தாள், ஒன்று செவலை, ஒன்று மயிலை. சீட்டில் இடமில்லை, காளை வேண்டாம் அக்கா என்றேன். கூடப்பிறந்தவர்கள் இல்லாத குறையை அவள் அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

மூன்றாம் ஞாயிறு

பிரதர் அன்று வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள் எழுந்து அழுதார்கள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வராவிட்டால் தங்கை நிஜம், சுகம் நிஜம், அவள் பிழைத்தாள்.

நான் அதற்கு நேர்மாறாக ஜெபித்தேன். அக்கா பிழைக்க வேண்டும் என்பதற்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் பாதி இருந்தது. எழுதுவது என்று வந்த பிறகு இதை மறைப்பானேன்.

“எஸ்தர் என்ற மகளே,” என்றார் பிரதர். “உன்னைக் கர்த்தர் மறுபடியும் அழைக்கிறார். சேவூரிலே உன் அண்ணன் தாவீது இடுப்பு முறிந்து கிடந்தான். இதோ எழுந்துவிட்டான். நான் காண்கிறேன், மகளே. வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறான். இரண்டு எருதுகளைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போகிறான்.”

பந்தல் அதிர்ந்தது. அக்கா என் பக்கம் திரும்பினாள். கண் இரண்டும் பெரிதாக விரிந்திருந்தன.

“மாட்டச் சொல்றாரே அம்மிணி. மாட்ட நாம எழுதலியே.”

காட்டுவேலைக்காரன் என்றால் மாடு வைத்திருப்பான் என்று யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம். வீட்டுக்குப் போய் யோசித்தால் சுலபமாக விளங்கும். ஆனால் அந்த நொடியில் எனக்கே முதுகு சில்லென்றது. அக்காவின் வலது கை தானாக உயர ஆரம்பித்தது. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

கை தோள் வரை வந்து நின்றது. பிறகு இறங்கியது. அவள் அதை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

“மாடு இருக்குது,” என்றாள் மெதுவாக. “ஓட்டிப் போறதுக்கு அண்ணன் இல்லியே.”

கூட்டம் கலையும்போது செயலாளர் குடையோடு வேகமாக வந்தார். ஒரே வீட்டில் இரண்டு அற்புதம், அதுவும் இரண்டு வார இடைவெளியில். சேவூருக்கே ஆள் அனுப்பி அண்ணனை அழைத்து வந்து சாட்சி சொல்ல வைக்கலாம், விலாசம் வேண்டும் என்றார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகூட வைத்துவிட்டார்.

“எங்கண்ணன் செத்துப் போயிட்டானுங்க,” என்றாள் அக்கா.

“எப்பம்மா?”

“இப்பத்தானுங்க. கூட்டத்துலயே.”

செயலாளர் பென்சிலைப் பிடித்தபடி நின்றார். நாங்கள் நடந்துவிட்டோம்.

அட்டையில் எழுதியது

ஏன் அங்கேயே எழுந்து நின்று பிரதரின் முகமூடியைக் கிழிக்கவில்லை என்று கேட்பீர்கள். தங்கை இல்லை என்று நான் சொன்னால், அப்படியானால் நெஞ்சு நோய் யாருக்கு என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் அக்கா மறுநாள் வேலையில் இருக்க மாட்டாள். உண்மையைச் சொல்லக்கூட எங்களுக்கு வழி வைக்காத சபை அது.

கமிட்டிக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன். பெட்டியை முன்கூட்டித் தராமல் ஒரே ஒரு கூட்டம் நடத்திப் பாருங்கள் என்று கேட்டிருந்தேன். அதைச் செயலாளர் ஆராதனையில் எல்லாருக்கும் படித்துக் காட்டி, சாத்தான் இப்போதெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதுகிறான் என்றார். என் கையெழுத்தைப் பற்றி அந்தச் சபையில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். பிரதரை மாலை போட்டு ரயிலேற்றினார்கள். வேறு ஊர்களில் வேறு பெட்டிகள் காத்திருந்தன.

நான் கோயிலை விட்டு விலகவில்லை. இன்றும் போகிறேன், ஜெபிக்கிறேன். ஆண்டவர் என்னிடம் பொய் சொன்னதாக நினைவில்லை. அவர் சொல்லியனுப்பியதாக வந்து நிற்கிறவர்களைத்தான் இன்னும் உள்ளே கைவிட்டு விரித்துப் பார்க்கிறேன்.

எஸ்தர் அக்கா பிழைத்தாள். இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் செய்து பேரன் பேத்தி பார்த்தாள். ஆனால் அதற்கு முன்னால், மூன்றாம் ஞாயிறு முடிந்து வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். ஊசி போடும் அறையில் இருந்த நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். இரண்டு வாரம் எங்கே போயிருந்தாய், மறுபடி முதலிலிருந்து ஒன்றரை வருஷம், சாக வேண்டும் என்று ஆசையா என்றெல்லாம் கேட்டார். அக்கா தலை நிமிரவில்லை. கோயிலில் சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை. அந்த வெட்கத்தை அவள் தன்னோடேயே வைத்துக்கொண்டாள்.

இனிமேல் இவள் ஒரு நாள் வராவிட்டாலும் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும், கூட வந்தது யார், முன்னால் வரட்டும் என்றார் நர்ஸ். நான் முன்னால் போனேன். இவங்களுக்கு நீ என்ன வேணும் என்று கேட்டார். ஒரே கம்பெனி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா முந்திக்கொண்டாள்.

“தங்கச்சிங்க.”

நர்ஸ் அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டார். தவறாக இருப்பதை ஒதுக்குவதுதான் என் வேலை. அதை மட்டும் நான் ஒதுக்கவில்லை.